எட்டு விநாடி

கடலூர் முதுநகர் துறைமுகம், ஐஸ் ஃபேக்டரி, இரவு ஷிப்ட்.
கம்ப்ரஸர் பக்கம் எத்திராஜ்,
எடைச்சீட்டு மேசையில் நான்.
அம்மோனியா வாடை மூக்குக்குப் பழகி வருஷம் ஆறாகிறது.
லாரி வரும்வரை போனில் ஒரு டென்னிஸ்.
ஆட்டம் நடக்கும் ஊரின் பெயர் வாயில் நுழையவில்லை.
அங்கே வெயில். இங்கே மணி இரண்டே கால்.

இரண்டு பெண்கள்.
ஒருத்திக்குப் பச்சைத் தொப்பி,
ஒருத்தி முழங்காலில் பட்டை சுற்றியிருந்தாள்.
பட்டைக்காரி ஜெயிப்பாள் என்றால் ஆறு நாற்பது.
மாட்டாள் என்றால் மூன்று அறுபது.
எப்படிக் கூட்டினாலும் பத்து ரூபாய்.
முடிவில் ஒரு பக்கத்துக்குப் பத்தும் போகும்,
மறுபக்கம் பூஜ்யம்.

நூறு வாங்கினேன்.
எனக்கு விற்றவர் யார் என்று தெரியாது.
என் ஆமுக்கு எங்கோ ஓர் இல்லை
தூங்காமல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"யாருடா அந்தப் பொண்ணு, சொந்தமா?"
எத்திராஜ் எட்டிப் பார்த்தான்.
"அறுநூத்தி நாப்பது ரூபாய்க்குச் சொந்தம்."

முதல் செட் அவளுக்கு. ஏழு எண்பது.
அப்போதுதான் அதைக் கவனித்தேன்:
விலை முதலில் விழுகிறது,
பந்து பிறகுதான் விழுகிறது.
படத்தில் அவள் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு நிற்பாள்,
விலை அதற்குள் நாற்பது பைசா இறங்கியிருக்கும்.
எண்ணுவேன். எட்டில் பந்து வலையில் கிடக்கும்.
மைதானத்தில் உட்கார்ந்த எவனோ ஒருவனின் விரலுக்கும்
உப்பனாற்றங்கரையில் என் கண்ணுக்கும் நடுவே
எட்டு விநாடி.
அந்தப் பந்து போனது அவளுக்குத் தெரியும்,
அந்த விரலுக்குத் தெரியும்,
எனக்குத்தான் அவள் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டாவது செட், நாலுக்கு நாலு.
ஏழு பத்து சட்டென்று நாலு ஆனது.
பிறகு மூன்று.
படத்தில் ஒன்றுமில்லை.
துண்டால் முகம் துடைத்தாள், கோட்டுக்குப் போனாள்.
ஒன்று, இரண்டு
என்ன நடந்தது
மூன்று, நான்கு
என்ன நடக்கப்போகிறது
ஐந்து
ஆறில் விற்றேன். இரண்டு அறுபதுக்கு, நூறும்.
எட்டில் அவள் ஓடினாள், கால் மடங்கியது,
பட்டை சுற்றிய அதே கால்.

அவள் முழங்காலைப் பணம் முதலில் பார்த்துவிட்டது.

யாரோ வாங்கியிருக்கிறார்கள்.
என்னிலும் பிந்திய நெட்வொர்க்கில்,
தாழங்குடாவிலோ எங்கேயோ ஒற்றைக் கோடு சிக்னலில்,
நின்றுகொண்டிருக்கும் ஒருத்தியை நினைத்து
விழுந்துவிட்ட ஒருத்தியை.

லாரி வந்தது. கூடவே அஞ்சலாட்சி,
படகுக்கு ஐஸ் எடுக்க, வாய் நிறையச் சண்டையோடு.
"சீட்டுல அம்பது கிலோ போட்டிருக்க,
படகுல ஏத்துறப்போ நாப்பத்தேழுகூட நிக்கல."
"நிறுக்கும்போது அம்பதுதான்."
"நிறுக்கும்போதா நான் மீனுக்குப் போடுறேன்?"
எத்திராஜ் சிரித்தான்.
எனக்குப் பதில் இருந்தது,
நேற்றுவரை இருந்தது.
ஒரு பார் கூடுதலாகத் தள்ளிவிட்டேன்.

திரும்பி வந்தபோது மூன்றாவது செட்.
அவள் எழுந்துதான் இருந்தாள்.
பட்டைக்கு மேல் இன்னொரு பட்டை.
ஒரு காலை இழுத்து இழுத்து
ஐந்துக்கு நான்கு, பின்தங்கி.
விலைப் பக்கத்தை மூடினேன்.
கையில் ஒரு சீட்டும் இல்லை,
இருந்தும் பார்த்தேன்.
அவள் சர்வீஸுக்கு முன் மூன்று முறை தட்டுவாள்,
இடது தோளில் முகம் துடைப்பாள்,
நூறு சீட்டு வைத்திருந்தபோது
இது ஒன்றும் கண்ணில் படவில்லை.

போன் ஒரு முறை அதிர்ந்தது.
மேலே ஒரு வரி: சந்தை முடிந்தது. பட்டைக்காரி, பூஜ்யம்.

படத்தில்
அவள் மூன்று முறை தட்டினாள்.
தோளில் முகம் துடைத்தாள்.
பந்தை மேலே எறிந்தாள்.

நான் எண்ணவில்லை.